ஆசிரியர்: கலியபெருமாள், வி.

இந்த மூவரும் ஒருவரா
என்று கேட்கிறது தரவுத்தளம்.
மூன்று பெயர், எதிரே மூன்று காலிக் கட்டம்.

'யு' மட்டும் போட்ட கலியபெருமாள்: ஒன்பது கட்டுரைகள்.
'ஓ'வும் 'யு'வும் சேர்த்துப் போட்டவர்: ஐந்து.
பிரெஞ்சுக்காரன் கப்பலேறிவிட்டான்,
அவன் எழுத்துக்கூட்டல் மட்டும்
புதுச்சேரி பிறப்புப் பதிவேட்டிலேயே தங்கிவிட்டது.
மூன்றாமவர் கலியருமாள்.
லக்னோ மாநாட்டு மலரின் அச்சுப்பிழையில் பிறந்தவர்.
பாவம், இரண்டே கட்டுரை.

மூவருக்கும் வால்போல ஒரு 'வி', ஒரு புள்ளி.
அந்த வி நான்.
விருத்தாம்பிகை, தொழிலகப் பொறியியல் துறை,
காலாப்பட்டு போகும் வழியில் ஒரு கல்லூரி, இரண்டாம் மாடி.
தலைப்பெழுத்தாய் முன்னால் நின்ற அப்பாவைக்
குடும்பப்பெயர் என்று நினைத்து
முழுசாய் எழுதி
என்னை ஓர் எழுத்தாக்கிவிட்டார்கள் எங்கோ ஓர் அலுவலகத்தில்.

பேராசிரியர் பதவிக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
எச்-குறியீடு பத்து வேண்டும்.
இவர்களுக்குத் தனித்தனியே ஆறு, மூன்று, ஒன்று.
சேர்த்தால் ஒன்பது வரலாம்.
மிச்சத்துக்கு ஆள் இருக்கிறது என்றார் முதல்வர்,
கட்டுரைக்கு ஒரு விலை, மேற்கோளுக்குத் தனி விலை.
அதற்கும் மில் என்றுதான் பெயராம்.

அப்பா வேலை பார்த்தது நிஜ மில்.
கடலூர் சாலை, நெசவுப் பிரிவு, இரண்டாம் ஷிப்ட்.
நான் எம்.இ. படிக்கையில் ஒருநாள்
மீன்முள்ளை ஒதுக்கியபடி சொன்னார்:
"பம்பாய்லேர்ந்து வந்தவன் கடியாரத்தோட பின்னாடி நிப்பான்.
அறுந்த இழைய முடிய மூணு நொடி.
அவன் நின்னா மூணரை.
ஷெட்டு முழுக்க மூணரை.
யாரும் பேசி வச்சிக்கல."

ஒன்பது வருஷம் கழித்து
சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில்
மறைத்துவைத்த கேமரா ஒரு பக்கம்,
கையில் பிடித்த கடிகாரம் ஒரு பக்கம்,
நானூறு சுற்று அளந்தேன்.
பூஜ்யம் புள்ளி எட்டு ஆறு.
மூன்றை மூன்றரையால் வகுத்துப் பாருங்கள்.

ஆதாரப் பட்டியலில் எழுதியிருந்தேன்:
கலியபெருமாள், தறி இயக்குநர், நேர்ப்பேச்சு.
இரண்டாம் மதிப்பாய்வாளர் பதில் போட்டார்:
சரிபார்க்க இயலாத சான்று, நீக்கவும்,
பதிலாகக் கீழ்க்காணும் ஐந்தைச் சேர்க்கவும்.
ஐந்தும் அவர் எழுதியவை.
சேர்த்தேன்.

இன்று அதற்கு நூற்றுத் தொண்ணூற்று மூன்று மேற்கோள்.
என் மற்ற கட்டுரைகள் அதன் நிழலில் காய்கின்றன.
போலந்தில் எழுதுகிறார்கள், ஈரானில் எழுதுகிறார்கள்:
'கலியபெருமாள் மற்றும் பிறர் நிறுவியபடி,
கண்காணிக்கப்படும் கை மெதுவாகிறது.'
அவர் நிறுவவில்லை.
சாப்பிடும்போது சொன்னார்,
மகளிடம்தானே என்று.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன்
திருப்பூரிலிருந்து படம் அனுப்பினான்.
தையல் கூடத்துச் சுவரில் ஒட்டிய சுற்றறிக்கை:
மணிக்கு ஐம்பது இனி ஐம்பத்தெட்டு.
அடியில் பொடி எழுத்தில்
அப்பா பெயர், ஆண்டு, பக்க எண்.
'மேடம், இண்டஸ்ட்ரி இம்பேக்ட்!'
கூடவே கைதட்டும் பொம்மை மூன்று.

ஐம்பதுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவில்
தண்ணீர் குடிக்க ஒருத்தி எழுந்து போவாள்.
களைப்புக்கு நாலு சதவீதம், சொந்தத் தேவைக்கு ஐந்து என்று
பாடம் நடத்துவதும் நான்தான்.

அடுத்த அறையில் கிரிக்கெட் ஓடுகிறது.
"இன்னும் என்ன எண்ணிக்கிட்டு இருக்க?" என்கிறார் கலியபெருமாள்.
ஒன்றுமில்லை என்கிறது வி.

இந்த மூவரும் ஒருவரா.
மூன்று கட்டம், மூன்று சொடுக்கு.
மூன்று நொடி வேலை.
மூன்றரை ஆகிவிட்டது,
பின்னால் யாரும் நிற்கவில்லை,
நாலு.